பேரத்தோடு நின்றுவிடும் கதை

2008 நவம்பர் 26 ராத்திரி எங்கே இருந்தாய் என்று என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். சென்னைக்காரர்கள் சொல்லும் பதிலில் கூடவே மழையும் இருக்கும். மும்பையில் துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறிக்கொண்டிருந்தது. வேளச்சேரியில் நாங்கள் குடியிருந்த தெருவில் முழங்காலளவு தண்ணீர். கீழ்வீட்டு மாமா தன் டிவிஎஸ் 50ஐ மாடிப்படியில் ஏற்றி, கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவைத்திருந்தார். நான் விடிய விடிய டிவி முன்னால் உட்கார்ந்து தாஜ் ஹோட்டல் கூரை எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷமாக நான் சொல்லிவந்த கதை இது. ஒரு தீபாவளிக்கு இதையே மறுபடி ஆரம்பித்தபோது அக்கா குறுக்கே வந்தாள். "ஏண்டா, மூணு நாளா கரண்ட்டே இல்ல. டிவி எப்படிடா பார்த்தே?" யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி. மும்பை நண்பன் ஒருவன் 'பத்திரமாக இருக்கிறேன்' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தான். கூரை எரிந்ததை நான் பார்த்தது அப்புறம் பேப்பரில் வந்த படத்தில். மனசு இரண்டையும் ஒட்டி, எனக்கு டிவி முன்னால் ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறது.

இப்படி ஒட்டுப்போடுவது என் மனசு மட்டும் செய்கிற வேலை இல்லை. பெரும் அதிர்ச்சிச் செய்தியைக் கேட்ட கணம் ஃபிளாஷ் அடித்து எடுத்த போட்டோ மாதிரி மனசில் பதிந்துவிடுகிறது என்று 1977ல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். பின்னால் உல்ரிக் நைசர் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1986ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையே, செய்தியை எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டரை வருஷம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்டார். ஏகப்பட்ட பேர் வேறு கதை சொன்னார்கள், அதையும் அடித்துச் சொன்னார்கள். அவர்களுடைய கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதுகூடச் சிலர் புதுக்கதையை விடவில்லையாம்.

தப்பாக இருந்தாலும் அந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? 'நானும் அங்கே இருந்தேன்' என்று காட்டிக்கொள்ளும் ஆசை என்று சிலர் கிண்டல் செய்வார்கள். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் உணர்ச்சியைக் கிளறிய எந்த அனுபவத்தையும் பெரும்பாலானவர்கள் யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அன்றைக்கே சொல்லிவிடுகிறார்கள் என்பது பெல்ஜிய உளவியலாளர் பெர்னார் ரிமே பல வருஷ ஆய்வில் கண்டது. கேட்டவரும் சும்மா இருப்பதில்லை, இன்னொருவரிடம் சொல்கிறார். ஒரு குண்டு வெடித்தால் அந்த வட்டம் ஒரே நாளில் நாடு முழுக்க விரிந்துவிடும்.

இந்த வட்டத்தின் உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. வெளியே இருக்கிற நாம் முதல் வாரத்தில் பேசித் தீர்த்துவிடுகிறோம். குண்டு பட்ட வீட்டில் பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது, பல வீடுகளில் வருவதே இல்லை. அது வருகிற நேரத்தில் நாம் அங்கே இருப்பதில்லை.

ஒன்பதாம் பிளாட்பாரம்

2014 மே 1, வியாழக்கிழமை, மே தின விடுமுறை. பெங்களூரிலிருந்து குவாஹாத்தி போகும் ரயில் காலை ஏழு மணியை ஒட்டி சென்ட்ரலில் ஒன்பதாம் பிளாட்பாரத்துக்கு வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் எஸ்4, எஸ்5 பெட்டிகளில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகள் வெடித்தன. ஆந்திராவில் இருக்கும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண் இறந்துபோனார். 14 பேர் காயமடைந்தார்கள். ரோட்டைத் தாண்டினால் அரசுப் பொது மருத்துவமனை, ஜி.எச்., அதனால் காயம்பட்டவர்களைச் சீக்கிரமே கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. சேதமான பெட்டிகளைக் கழற்றிவிட்டு ரயிலும் அன்றைக்கே கிளம்பிவிட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது.

வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு டீக்கடையில் எனக்குப் பழக்கமான போர்ட்டர் ஒருவர் அன்று அந்த பிளாட்பாரத்தில் இருந்தவர். பெயர் வேண்டாம் என்றார். அவர் கதையை நான் நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். எப்போதும் ஒரே இடத்தில் ஆரம்பிக்கும்.

"ஒரு அம்மா ரெண்டு பெட்டியோட எறங்கினாங்க தம்பி. நூத்தம்பது சொன்னேன். நூறுதான் தருவேன்னாங்க. பெரிய பெட்டி ஒண்ணு, சக்கரம் ஒடஞ்சிருந்துது. ஒடஞ்ச பெட்டிக்கு நூறு கட்டாதும்மான்னேன். நூத்திருபதுன்னாங்க. நான் துண்டைச் சுருட்டித் தலையில வெக்கிறேன்…"

அங்கே நிறுத்திவிடுவார். அப்புறம் டீ. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை வராது. முதல் தடவை நான் அவசரப்பட்டு, "அப்புறம் என்னாச்சுண்ணா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் என்ன, வெடிச்சிது" என்றார்.

பேரத்தை மட்டும் அவர் இவ்வளவு துல்லியமாக ஏன் சொல்கிறார் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. அந்த இருபது, முப்பது ரூபாய்க்கான பேச்சுதான் அவரைப் பெட்டியிலிருந்து நாலு தப்படி தள்ளி நிறுத்தியிருக்கிறது. அந்தக் கடைசி நிமிஷத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சக்கரம் உடைந்ததுதான் பெரிய பிரச்சினை. கதையை அங்கேயே நிறுத்தினால் அதற்கு மேல் எதுவும் நடக்க வேண்டியதில்லை.

அந்த வாரம் அவரிடம் மைக் நீட்டாத சானல் இல்லையாம். போலீஸும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டது. சொந்தக்காரர்கள் போன் மேல் போன். "ஒரு பத்து நாளு நான் சினிமாக்காரன் மாதிரி இருந்தேன்" என்று சிரித்தார். அப்புறம் தேர்தல் ரிசல்ட் வந்தது, எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவருக்கு ராத்திரி தூக்கம் கெட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கால இடைவெளியைப் பற்றி நன்றாக எழுதியவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நிலநடுக்கம் வந்த பிறகு, மக்கள் அதைப் பற்றி எவ்வளவு நினைக்கிறார்கள், எவ்வளவு பேசுகிறார்கள் என்று அவரும் சக ஆய்வாளரும் பல கட்டங்களாக விசாரித்தார்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் நினைப்பும் உண்டு, பேச்சும் உண்டு. அதன் பிறகு பேச்சு சட்டென்று குறைந்தது, நினைப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஏனென்று துருவியபோது, தங்கள் கதையைச் சொல்ல எல்லோரும் தயார், அடுத்தவர் கதையைக் கேட்கத்தான் ஆள் இல்லை என்று தெரிந்தது. 'உங்கள் நிலநடுக்க அனுபவத்தைச் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி' என்று அச்சடித்த டிஷர்ட்டே அந்த ஊரில் போட்டுத் திரிந்தார்களாம். கெட்ட கனவும் வீட்டுச் சண்டையும் உடம்புக்கு முடியாமல் போவதும் அந்த ஊமை வாரங்களில்தான் கூடின.

நம் ஊர்க் கணக்கும் ஏறக்குறைய இதுவேதான். பதினாறாம் நாள் காரியம் வரை வீடு கொள்ளாத கூட்டம். கிறிஸ்தவர் வீடு என்றால் முப்பதாம் நாள் பூசை, பல முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் ஓதுவது. பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரம் திருப்பிக் கொடுத்து, கடைசி அத்தையும் பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. ஆனால் நம் வழக்கத்தில் ஒன்று உண்டு, திவசம். வருஷம் திரும்பும்போது மறுபடி ஒரு நாள் உட்காரச் சொல்கிறது. சென்ட்ரலுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. மே 1 என்றால் அங்கே செங்கொடிதான்.

பேசினால் பாரம் குறையுமா

குறையும் என்பதுதான் நம் எல்லோருடைய நினைப்பும். மருத்துவ உலகமும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தது. 1980களில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ்காரர்களுக்காக ஒரு முறையை வகுத்தார். கோர சம்பவம் நடந்த சில நாளுக்குள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததை, நினைத்ததை, உணர்ந்ததை வரிசையாகச் சொல்ல வைப்பது. விபத்தில் தப்பியவர்கள், குண்டுவெடிப்பில் சிக்கியவர்கள் என்று பலருக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். பிறகு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, இப்படி ஒரே அமர்வில் பேச வைப்பது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாகக்கூட ஆக்கியிருக்கலாம் என்று சொன்னது. இன்னும் ஆறாத புண்ணில் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது மாதிரிதான்.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. தாக்குதல் நடந்த உடனே, 'உங்கள் மனதில் இருப்பதை எழுதலாம்' என்று இணையத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கேட்டார்கள். சிலர் எழுதினார்கள், சிலர் எழுதவில்லை. இரண்டு வருஷம் வரை இரு தரப்பையும் கவனித்துப் பார்த்தால், எழுதாமல் விட்டவர்கள்தான் கொஞ்சம் நன்றாக இருந்தார்கள். அதிகம் கலங்கியவர்கள்தான் அதிகம் எழுதியிருப்பார்கள் என்று வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் வாய் திறக்காதவன் உள்ளுக்குள் புழுங்குகிறான், எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்கிற நம் அவசரத்துக்கு இந்த முடிவு ஒரு நல்ல கடிவாளம்.

அப்படியானால் பேசவே கூடாதா? அதுவும் இல்லை. இதே பென்னிபேக்கர்தான் 1986ல், மாணவர்களை நாலு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் தங்கள் வாழ்க்கையின் கசப்பான அனுபவத்தை எழுதவிட்டு, பிந்தைய மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்ததைக் காட்டியவர். தானாக, தன் வேகத்தில், தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளும் உரிமையோடு சொல்வது வேறு. மைக்கைப் பார்த்துச் சொல்வது வேறு.

இப்போது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி. பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பது எளிமை. நிலைமையைப் பார், அவர் சொன்னால் கேள், வேண்டிய உதவியோடு அவரைக் கோத்துவிடு. நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே என்று அந்தக் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. படித்தபோது எனக்கு எங்கள் ஆத்தா ஞாபகம் வந்தது. இழவு வீட்டுக்குப் போனால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அரை மணி கழித்து அடுக்களைக்குள் போய் எல்லோருக்கும் காப்பி போடுவாள்.

எல்லா ஆத்தாக்களும் அப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். "எப்படி ஆச்சு?" என்பதுதான் நம் இழவு வீடுகளின் முதல் கேள்வி. ஒவ்வொரு புது ஆளுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வயதானவர் படுக்கையில் கிடந்து போயிருந்தால் அந்தத் திரும்பச் சொல்லல் மெல்ல மனசை ஆற்றும், நானே பார்த்திருக்கிறேன். உடம்பு முழுசாக வீட்டுக்கு வராத சாவில் அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று கேட்பவர் யோசிப்பதில்லை.

ஒப்பாரியில் ஒரு சூட்சுமம் உண்டு. தோளோடு தோள் கட்டி அழும் பெண்களில் பாதிப்பேர் அன்று அழுவது அங்கே கிடத்தியிருப்பவருக்காக மட்டும் இல்லை. போன வருஷம் போன தம்பிக்கு, பேர் வைக்காமலே போன பிள்ளைக்கு என்று அவரவர் பாட்டை நடுவில் கோத்துவிடுவார்கள். யாரும் தப்பாக எடுப்பதில்லை. ஒரு தாக்குதல் நடந்ததும் அதற்குச் சம்பந்தமில்லாதவர்கள் தங்கள் பழைய இழப்புகளைப் பேச ஆரம்பிப்பதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எங்கோ ஒரு வாசல் திறந்தது, உள்ளே இருந்தது வெளியே வந்தது. ஆனால் ஒப்பாரிக்காரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தன் பாட்டை அழுது முடித்தாலும் கடைசியில் அந்த வீட்டுச் சாவுக்குத் திரும்பி வந்துவிடுவாள்.

வாட்ஸ்அப்புக்கு அந்த ஒழுங்கு கிடையாது. 2013ல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு நடந்த ஆய்வு ஒன்று, அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது தொடர்பான செய்தி, வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகப் பதற்றம் இருந்ததாகக் கண்டது. குடும்ப குரூப்பில் ரத்தக் களறி வீடியோவை 'ஓம் சாந்தி' போட்டு அனுப்பும் சித்தப்பாக்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை.

யாருடைய துக்கம் நம் துக்கம்

மும்பைத் தாக்குதல் முடிந்து இரண்டு வாரத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச். அகமதாபாத்தில் நடக்க இருந்தது, இங்கே மாற்றினார்கள். ஊருக்குத் திரும்பிப் போயிருந்த இங்கிலாந்து அணி மறுபடி வந்தது. மைதானத்தைச் சுற்றிலும் போலீஸ். டிசம்பர் 15, கடைசி நாள், இலக்கு 387. டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 103 அடித்து ஜெயிக்கவைத்துவிட்டு, அந்த சதத்தை மும்பையில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சமர்ப்பித்தார். கேலரியில் அழுதவர்கள் உண்டு. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்ற அந்த நேரத்தில் சென்னை மும்பையோடு துக்கத்தைப் பகிர்ந்துகொண்டது என்று தாராளமாகச் சொல்லலாம். அதே நிஷா புயலில் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். அவர்களுக்காக யாரும் எழுந்து நின்றதாக நினைவில்லை.

எல்லாச் சாவுக்கும் இப்படி ஒரு மைதானம் கிடைப்பதில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பு விமானத்தில் ஏற்ற நினைத்த பெட்டி, ஏறாமல் இங்கேயே தங்கி வெடித்தது. ஈழத்துச் சிறு ஆயுதக் குழு ஒன்றின் வேலை. இறந்தவர்களில் பெரும்பகுதி இலங்கைப் பயணிகள். இலங்கையில் தமிழர்கள் மேல் நடந்த 83 கலவரம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சென்னையின் மனசு முழுக்க ஈழத் தமிழர் பக்கம் இருந்தது. செத்தவர்கள் அந்தக் கதைக்குள் அடங்கவில்லை. இன்று மெட்ரோவில் விமான நிலையம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஸ்ரீபெரும்புதூர் இதைவிடச் சிக்கல். ஒவ்வொரு மே 21ம் அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். 1991ல் அந்த இரவில் ராஜீவ் காந்தியோடு பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள், தலைவருக்குக் கவிதை சொல்லிக்காட்ட வந்த ஒரு சிறுமி, அவளைக் கூட்டி வந்த அம்மா. இந்தக் குடும்பங்களையும், உடம்பில் சிதறலோடு பிழைத்தவர்களையும் நாம் டிவியில் பார்த்தது எப்போது? தண்டனை பெற்றவர்களின் விடுதலை பேச்சுக்கு வந்த நேரங்களில் மட்டும். 2022 மே மாதம் ஒருவரும் நவம்பரில் மீதி ஆறு பேரும் வெளியே வந்தபோது, "எங்களை யாராவது கேட்டார்களா?" என்ற அவர்களுடைய குரல் இரண்டு நாள் கேட்டது. முப்பத்தோரு வருஷச் சிறை போதும் என்று நினைப்பவன் நான். அப்படி நினைத்துக்கொண்டே அந்த வீடுகளில் போய் உட்கார்ந்திருக்கவும் முடியும். தமிழ்நாட்டில் அது முடியாத காரியம் மாதிரி ஆகிவிட்டது. அவர்களிடம் பரிவாகப் பேசினால் நீ எந்தக் கட்சி என்பார்கள்.

2019 ஈஸ்டர் ஞாயிறு இன்னொரு மாதிரி. ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் என்று தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். அந்தோனியார் கோயிலுக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு போவார்கள். அன்று வளசரவாக்கத்தில் என் ஈழ நண்பரின் வீட்டில் இருந்தேன். போன் லைன் கிடைக்காமல் அவருடைய அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே இருந்தார், யாருக்கோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. சாயங்காலம் எல்லோரும் பத்திரம் என்று தெரிந்ததும் அவர் அழ ஆரம்பித்தார். 2009ல் வன்னியில் போன தம்பிக்கான அழுகை அது. பத்து வருஷம் பிந்தி வந்தது.

அதே வாரம் மண்ணடியில் கடை வைத்திருக்கும் ஒரு பாய் என்னிடம் சொன்னது: "நமக்கு அழறதுக்கு முன்னாடி கண்டனம் சொல்லணும் தம்பி. அதைச் சொல்லி முடிச்சா அழறதுக்கு நேரம் இருக்காது." அடுத்த மாதமே இலங்கையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

துக்கத்தோடு இருப்பவர் நாம் எதிர்பார்த்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025ல் எல்லோரும் பார்த்தோம். ஏப்ரல் 22 பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கணவரின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுமணப் பெண்ணின் படம் ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது. கோடிப் பேர் கண்ணீர் விட்டார்கள். சில நாளில் அவர், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள், எங்களுக்கு வேண்டியது அமைதியும் நீதியும்தான் என்றார். நேற்றுவரை அழுதவர்களே அவரை ஏசினார்கள், மகளிர் ஆணையமே தலையிட்டுக் கண்டிக்கும் அளவுக்கு. அவருடைய படம் நமக்கு வேண்டியிருந்தது, பேச்சு வேண்டியிருக்கவில்லை.

ஃபைலுக்குச் சொல்லும் கதை

இன்னொரு வகைப் பகிர்வு உண்டு, அதை யாரும் பகிர்வு என்றே நினைப்பதில்லை. கவுண்டரில் நின்று சொல்வது. பயங்கரவாதத்தில் இறந்த பொதுமக்களின் குடும்பங்களுக்கு 2008 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் உதவித் திட்டம் இருக்கிறது. முதலில் 3 லட்சமாக இருந்து 2016ல் 5 லட்சமானது. சம்பவம் ரயிலில் நடந்தால் ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு வரும். ரயில்வே மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல், டிக்கெட்டோடு போன பயணிக்கு இழப்பீடு உண்டு. இறப்புக்கு 2017லிருந்து 8 லட்சம். ஒரு வருஷத்துக்குள் ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும், அதற்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது.

இதற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொரு மேஜையாகப் போக வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வேறொரு விபத்துக்காக என் பெரியம்மாவோடு நான் அப்படி அலைந்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் அந்த கிளார்க், "உடம்பு முழுசா கெடச்சுதா, இல்ல பாகமா?" என்று பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை, நான் எட்டிப் பார்த்தேன். இந்த மாதிரி வீட்டுக்கு உதவ நினைப்பவர்கள் பூ, மெழுகுவர்த்திக்குப் பதில் ஒரு ஜெராக்ஸ் கட்டோடு போய், அந்தக் கவுண்டர்களில் அவர்களுக்குப் பதில் பேசலாம். அதிலேயே பாதி பாரம் இறங்கும்.

தூக்கம் கெடுவது, திடுக்கிடுவது, அந்த இடத்தையே சுற்றிப் போவது எல்லாம் முதல் சில வாரங்களில் யாருக்கும் இயல்புதான். ஒரு மாதம் தாண்டியும் அது குறையாமல் வேலைவெட்டியைக் கெடுத்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. போர்ட்டரிடம் அந்த எண்ணைக் கொடுத்தேன். "போன்லயா? மூஞ்சி தெரியாம எப்படிப் பேசறது?" என்றார். சரி, ஜி.எச்.சில் மனநலப் பிரிவு இருக்கிறது, ரோட்டைத் தாண்டினால் போதும் என்றேன். அதற்குப் பதில் சொல்லவில்லை.

மேட்ரிட்டில் 2004 மார்ச் 11 அன்று ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அட்டோச்சா ஸ்டேஷன் முழுக்க மெழுகுவர்த்தியும் கடிதமுமாகக் குவிந்தது. மூன்று மாதம் போல அது அப்படியே இருந்தது. கடைசியில் அங்கே வேலை செய்கிறவர்களே, தினமும் இதற்கு நடுவில் எங்களால் வேலை பார்க்க முடியவில்லை, எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். எடுத்துவிட்டு, மக்கள் செய்தி எழுதிவைக்கக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். இதைப் போர்ட்டரிடம் சொன்னேன், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கரெக்ட்டுதானே? மெழுகுவத்திய வெச்சா நாங்க வண்டி எங்க தள்றது?"

போன மே மாதம் அவரைப் பார்த்தபோது முழங்கால் வலி, சுமை எடுப்பதைக் குறைத்துவிட்டார். காலையில் சங்கத்தில் கொடியேற்றிவிட்டு நேராக டீக்கடைக்கு வந்திருந்தார். மே 1ல் மட்டும் ஒன்பதாம் பிளாட்பாரத்துக்குப் போக மாட்டாராம், அதை யாரிடமும் சொன்னதும் இல்லையாம். நான் எதுவும் கேட்கவில்லை. அவராக அந்தச் சக்கரம் உடைந்த பெட்டி, நூற்றைம்பது, நூறு, நூற்றிருபது என்று ஆரம்பித்தார். துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். நிறுத்தினார். டீயை ஆற்றினார்.

"அந்தப் பெட்டி ரெண்டையும் அப்புறம் நான்தான் வெளிய கொண்டாந்து வெச்சேன்" என்றார். "ஜி.எச். வரைக்கும் தூக்கினு போனேன். அந்தம்மாவுக்குக் கையில கட்டு. பர்சைத் தேடுறாங்க. வேணாம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பிறகு டீக்கடைக்காரரைப் பார்த்து, "ரெண்டு வடை குடுப்பா, தம்பி கணக்குல" என்றார்.